சிதைந்த வீடும் சிறுவர் குற்றமும்: இங்கிலாந்தின் அநுபவம்

நெப்போலியனின் போர்கள் ஓய்ந்த 1815ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் ஒரு சிறு குழுவினர் ஒன்றுகூடினர். பீற்றர் பெட்போட், வில்லியம் அலன் முதலிய குவேக்கர் சமயத்தவரான வணிகரும் கொடையாளருமே இதில் முன்னின்றனர். தலைநகரத் தெருக்களில் முடிச்சவிழ்த்தும் கடைகளிற் களவெடுத்தும் நீதிமன்றத்துக்கு வரும் சிறுவரின் தொகை அச்சந்தரும் வகையிற் பெருகுகின்றது என்பது அவர்களது கவலை. அவர்கள் வெறுமனே கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. சிறைச்சாலைகளுக்குச் சென்று நூற்றுக்கணக்கான சிறுவரை நேரிற் கண்டு, அவர்தம் குடும்பநிலை, தோழர், பழக்கவழக்கம் ஆகியவற்றை விசாரித்து, 1816இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சிறுவர் குற்றத்துக்குக் காரணம் யாது என்னும் வினாவை ஒழுங்கான விசாரணைக்கு உட்படுத்திய முதல் முயற்சிகளுள் இதனை வைத்து எண்ணலாம். அவ்வறிக்கை கூறிய காரணங்களின் வரிசையில் முதலிடம் பெற்றது பெற்றோரின் தகாத ஒழுக்கமாகும். கல்வியின்மை, வேலையின்மை, ஓய்வுநாளைப் பேணாமை, தெருச் சூதாட்டம் ஆகியன அதன்பின் வந்தன. சட்டத்தின் கொடுமையும் சிறைகளின் சீர்கேடும் நோயை முற்றச் செய்கின்றன என்று கூறவும் அவர்கள் தயங்கவில்லை.

பெற்றோரின் தகாத ஒழுக்கம் என்று அன்று எழுதப்பட்ட அச்சொற்றொடருக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியிருந்தன. வீட்டிலே நிகழும் எது பிள்ளையைக் கெடுக்கின்றது என்பது ஒன்று. வீடுதான் காரணமெனின் பிள்ளையை அவ்வீட்டிலிருந்து பிரித்துவிட வேண்டுமா என்பது மற்றொன்று. இங்கிலாந்தின் அநுபவத்தை நோக்குமிடத்து ஒரு விநோதம் புலப்படுகின்றது. முதலாம் வினாவுக்கு விடை காண்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, இரண்டாவதற்கு அந்நாட்டார் விடை கண்டு, சட்டமும் இயற்றி, கட்டடமும் எழுப்பிவிட்டனர். அதனால் விளைந்ததை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1838இல் வைற் தீவின் பாக்கேஸ்ற் என்னுமிடத்தில் சிறுவருக்கெனத் தனிச்சிறை ஒன்று திறக்கப்பட்டது. வளர்ந்த குற்றவாளிகளோடு சிறுவரை அடைக்கலாகாது என்னும் நல்லெண்ணமே அதன் தோற்றத்துக்குக் காரணம். ஆயின் அங்கு வந்த சிறுவரின் கால்களில் விலங்கு பூட்டப்பட்டது. காவலர் துப்பாக்கியுடன் நின்றனர். 1842 முதல் 1852 வரையுள்ள பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1,500 சிறுவர் இச்சிறையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேற்றப்பட்டனர். வீட்டின் கெடுதியிலிருந்து பிள்ளையைக் காக்க உலகின் மறுகோடிக்கே அனுப்பிவிடுதல் என்பது பிரித்தலின் உச்சம் எனலாம்.

இதனைக் கடுமையாகச் சாடியவர் பிறிஸ்ரல் நகரத்துப் போதகர் ஒருவரின் மகளாகிய மேரி காப்பென்ரர் அம்மையார் (1807-1877). 1833இல் பிறிஸ்ரலுக்கு வந்து அவ்வாண்டிலேயே அங்கு மறைந்த இராஜாராம் மோகன் ராயை இளம்வயதிற் கண்டு பழகியவர். பிற்காலத்தில் நான்கு முறை இந்தியாவுக்கு வந்தவர். 1846இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய கந்தற் பாடசாலையின் அநுபவம் அவரைச் சிந்திக்க வைத்தது. 1851இலும் 1853இலும் வெளியான அவரது நூல்களின் சாரம் இதுதான்: குற்றஞ்செய்த சிறுவன் சிறிய உருவிலமைந்த பெரிய குற்றவாளி அல்லன், அவன் பேணுவாரற்ற பிள்ளை, அவனுக்கு வேண்டியது தண்டனையன்று, ஒரு வீடு. இக்கருத்தைச் செயலிற் காட்ட 1852இல் கிங்ஸ்வூட்டில் ஒரு சீர்திருத்தப் பாடசாலையையும், 1854இல் பிறிஸ்ரலின் செந்நிற மாளிகையிற் பெண்பிள்ளைகளுக்கென மற்றொன்றையும் அவர் நிறுவினார். பின்னதற்கான மனையை வாங்கிக் கொடுத்தவர் கவிஞர் பைரனின் மனைவியார். கணவனைப் பிரிந்து மகளைத் தனியே வளர்த்தவர் அவர் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது.

1854ஆம் ஆண்டின் இளங்குற்றவாளிகள் சட்டம் காப்பென்ரரின் வெற்றி என்றே வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. ஆனால் பாராளுமன்றத்தின் கைக்குட்பட்ட கருத்து வேறு வடிவம் பெற்று வெளிவந்தது. சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பப்படும் சிறுவன் முதலிற் குறைந்தது பதினான்கு நாள் சிறையிருக்க வேண்டும் என்றது சட்டம். இவ்விதி நீங்க 1899 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாடசாலையிலே தங்க வேண்டிய காலம் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். பெற்றோர் வாரத்துக்கு ஐந்து சிலிங் வரை கட்டணஞ் செலுத்தவும் கட்டளையிடப்படலாம். பிள்ளையை அரசிடந் தள்ளிவிட்டுப் பெற்றோர் சுகமாக இருந்துவிடக் கூடாது என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். வறியோர் வேண்டுமென்றே பிள்ளைகளைக் கைவிடுவர் என்னும் ஐயம் இவ்விதியில் ஒளிந்திருந்தது.

இதனினும் பாரதூரமான மாற்றம் 1857இலும் 1866இலும் வந்த கைத்தொழிற் பாடசாலைச் சட்டங்களால் ஏற்பட்டது. பிச்சையெடுக்கும் பிள்ளை, வீடின்றித் திரியும் பிள்ளை, அநாதை, தந்தையோ தாயோ சிறையிலிருக்கும் பிள்ளை, திருடரோடு கூடித்திரியும் பிள்ளை ஆகிய எவரையும், ஒரு குற்றமும் செய்யாதவிடத்தும், நீதவான் பாடசாலைக்கு அனுப்பலாம் எனவும், பதினாறு வயதுவரை அங்கு வைத்திருக்கலாம் எனவும் சட்டம் இடமளித்தது. சிதைந்த வீட்டிலிருந்து குற்றவாளி தோன்றுவான் என்னும் ஊகம் இங்கே சட்டவிதியாக உறைந்து போயிற்று. குற்றம் நிகழுமுன்னரே அதற்குரிய பரிகாரம் வழங்கப்பட்டது. பரிகாரமோ பெரும்பாலுந் தண்டனையைப் போன்றிருந்தது.

இவ்வமைப்புகளுக்கு முன்மாதிரியாக ஐரோப்பா முழுவதும் போற்றப்பட்டது பிரான்சிலே தூர் நகருக்கு அருகே 1840இல் திறக்கப்பட்ட மெற்றே விவசாயக் குடியேற்றமாகும். அங்கே சிறுவர் ஏறத்தாழ நாற்பதுபேர் கொண்ட ‘குடும்பங்க’ளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். அவருக்குத் துணையாக ‘மூத்த சகோதரன்’ என அழைக்கப்பட்ட ஒரு சிறுவன். குடும்பத்தை இழந்தவனுக்குக் குடும்பத்தின் பெயரால் அமைந்த ஒரு படைப்பிரிவு கிடைத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜீன் ஜெனே பிறந்த சில மாதங்களிலேயே தாயாற் பொதுநல நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, கிராமத்துக் குடும்பமொன்றில் வளர்ந்து, வளர்ப்புத் தாயையும் மரணத்திற் பறிகொடுத்து, 1926இல் மெற்றே வந்து சேர்ந்தவர். அங்கிருந்து அவர் வெளியேறிய வழி படையிற் சேர்வதாக இருந்தது. திருட்டும் சிறையும் பின்னரும் நெடுங்காலம் அவரைத் தொடர்ந்தன.

இங்கிலாந்தின் சட்டங்கள் குடியேற்ற நாடுகளுக்கும் பயணஞ் செய்தன. இந்தியாவில் 1876இலும் இலங்கையில் 1886இலும் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பாடசாலைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மறுபுறம் இங்கிலாந்தின் அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் தர்ம நிறுவனங்களால் 1869 முதல் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு அனுப்பப்பட்டோர் தொகை ஓர் இலட்சத்தை மிஞ்சும். அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புதல் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னருந் தொடர்ந்தது. இவர்களுட் பலருக்கு உயிரோடிருந்த தாயும் தந்தையும் இருந்தனர். 2009இல் அவுஸ்திரேலியப் பிரதமரும் 2010இல் பிரித்தானியப் பிரதமரும் இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர்.

இனி முதலாம் வினாவுக்கு வருவோம். வீட்டிலே நிகழும் எது பிள்ளையைக் கெடுக்கின்றது? இதனை உளவியல் முறையில் ஆராய முற்பட்டோருள் சிறில் பேட் முன்னோடி. 1925இல் வெளியான அவரது நூல் ஒரு காரணத்தாலன்றிப் பல காரணங்களின் கூட்டத்தாலேயே குற்றம் விளைகின்றது என்றது. வறுமை மட்டும் போதிய விளக்கமன்று எனவும் வீட்டுக் கட்டுப்பாட்டின் சீர்கேடே வலிய காரணம் எனவும் வாதித்தது. (பேட்டின் பிற்கால ஆய்வுத் தரவுகளின் நம்பகத்தன்மை அவரது மறைவின்பின் பெரும் சர்ச்சைக்குள்ளானது, அஃது இரட்டையர் பற்றியது, ஈண்டு அதனை விரிக்க வேண்டியதில்லை.)

ஆயினும் இத்துறையின் திசையையே மாற்றியவர் ஜோன் போல்பி (1907-1990). அரச குடும்பத்துக்கு நெருங்கிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் மகன். அக்காலத்து மேற்குடி வழக்கப்படி தாயை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமளவிற் கண்டு, செவிலியின் கையில் வளர்ந்தவர். அவர் பெரிதும் நேசித்த செவிலி அவருக்கு நான்கு வயதளவில் வேலையை விட்டுச் சென்றாள். தாயை இழந்தாற்போன்ற துயர் அது என்று பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். மருத்துவக் கல்வியை இடைநிறுத்திவிட்டுச் சிலகாலம் இசைவுகெட்ட சிறுவருக்கான பாடசாலையொன்றிற் பணிபுரிந்தபோது, திருட்டுக்காகப் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றிலிருந்து விலக்கப்பட்ட ஓர் இளைஞனை அவர் கண்டார். நிலையான தாய்ப்பராமரிப்பு அறியாதவன் அவன், எவரோடும் ஒட்டாதவன். அவனது நினைவு போல்பியின் மனத்தை விட்டகலவில்லை.

1936 முதல் 1939 வரை இலண்டன் சிறுவர் வழிகாட்டு நிலையத்திற் பணியாற்றிய போல்பி, திருட்டுப் பழக்கத்தோடு அங்கு கொண்டுவரப்பட்ட 44 பிள்ளைகளின் வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டினார். அதே நிலையத்துக்கு வேறு மனக்குறைகளோடு வந்த, ஆனால் திருடாத, 44 பிள்ளைகளை அவர்களோடு ஒப்பிட்டார். 1944இல் உளப்பகுப்பாய்வு இதழொன்றில் வெளிவந்த இவ்வாய்வின் எண்கள் எளிமையானவை. 44 திருடருள் 14 பேரை அவர் ‘அன்பற்ற சுபாவத்தினர்’ என வகுத்தார். எவரிடத்தும் பாசமின்றி, பாராட்டாலும் தண்டனையாலும் அசையாது, நாணமின்றிப் பொய்கூறி, திரும்பத் திரும்பத் திருடியோர் இவர்கள். இப்பதினால்வருள் 12 பேர் வாழ்வின் முதலைந்து ஆண்டுகளுக்குள் தாயையோ தாய்போல் வளர்த்தவரையோ நெடுங்காலம் பிரிந்திருந்தனர். ஏனைய 30 திருடருள் அவ்வாறு பிரிந்திருந்தோர் ஐவர். ஒப்பீட்டுக் குழுவின் 44 பேருள் இருவர் மட்டுமே.

இவ்வெண்களைக் காட்டிலும் உள்ளத்தைத் தொடுவன அவற்றின் பின்னிருந்த வரலாறுகள். ஒரு சிறுவன் ஒன்றரை வயதிலே தொண்டைக் கரப்பன் நோய்கண்டு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு ஒன்பது மாதம் அங்கிருந்தான். தொற்றுநோயாகையாற் பெற்றோர் பார்வையிடவில்லை. வீடு திரும்பிய குழந்தை தன் தாயைத் ‘தாதி’ என்று அழைத்தான். எவரிடத்தும் பாசங் காட்டவில்லை. பிறர் பிள்ளையை வளர்ப்பது போலிருந்தது என்று தாய் உணர்ந்தாள். சில ஆண்டுகளுக்குள் அவன் பாடசாலைக்கு ஒளித்தும் சிறு களவுகள் செய்தும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். அவனது வீடு சிதைந்த வீடன்று என்பதை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். தந்தை குடிகாரர் அல்லர். தாய் கைவிட்டவள் அல்லள். 1816ஆம் ஆண்டு அறிக்கை தேடிய தகாத ஒழுக்கம் எதுவும் அங்கில்லை. பிள்ளையின் நன்மை கருதி ஒரு பொது நிறுவனம் கைக்கொண்ட ஒழுங்குவிதியே அப்பிரிவை உண்டாக்கிற்று. பரிகாரமாகக் கருதப்பட்ட பிரித்தலே நோயின் காரணமாகவும் ஆகலாம் என்பதைப் போல்பியின் குறிப்புகள் இங்ஙனம் புலப்படுத்தின.

போர் இக்கருத்தைப் பெரும் பரிசோதனைக்கு உட்படுத்தியது. 1939 செப்ரெம்பர் முதல் மூன்று நாட்களுக்குள் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஏறத்தாழ 15 இலட்சம் பேர், பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகள், நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் போல்பி, வினிக்கொற், இமானுவேல் மில்லர் ஆகிய மூவரும் பிரித்தானிய மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாயின்றி அனுப்புவது கடுமையான உளப்பாதிப்புக்கும் பிற்காலத்திற் சிறுவர் குற்றப் பெருக்கத்துக்கும் வழிகோலும் என எச்சரித்தது அக்கடிதம். குண்டுவீச்சின் நடுவே தாயோடிருந்த பிள்ளைகளிலும் பாதுகாப்பான இடத்தில் தாயின்றி இருந்த பிள்ளைகளே மனம் பேதலித்தனர் என்று ஹம்ஸ்ரெட் போர்க்கால மழலையகங்களை நடத்திய அன்னா பிரொய்டும் டொரதி பேர்ளிங்ஹமும் கண்டனர். வினிக்கொற் ஒக்ஸ்போட் மாவட்டத்தில், எந்த வீட்டிலும் வைத்திருக்க முடியாத வெளியேற்றப் பிள்ளைகளின் விடுதிகளுக்கு ஆலோசகராயிருந்தார். படுக்கையை நனைத்தோரும் களவெடுத்தோருமே அங்கு மிகுதி. அவ்வநுபவத்திலிருந்து அவர் பெற்ற கருத்து விந்தையானது: திருடும் பிள்ளை தான் திருடும் பொருளைத் தேடவில்லை, தனக்கு உரிமையுள்ள தாயைத் தேடுகின்றது, ஆதலின் திருட்டு நம்பிக்கை முற்றாக அற்றுவிடவில்லை என்பதற்கு அறிகுறி. நீதிமன்றங்கள் இதனை ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனினும் ஆசிரியராகும் எவரும் இதனை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.

போல்பியின் வெற்றி போருக்குப் பின் வந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதி 1951இல் வெளியான அறிக்கை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1952இல் ஜேம்ஸ் றொபேட்சன் எடுத்த, மருத்துவமனை சென்ற இரண்டு வயதுக் குழந்தை பற்றிய படம் மருத்துவரைச் சினங்கொள்ளச் செய்து, பின்னர் சிந்திக்கவும் வைத்தது. 1959ஆம் ஆண்டின் பிளற் அறிக்கை, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைப் பார்க்க மருத்துவமனைகள் இடமளிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இந்த ஒரு பயனுக்காகவேனும் போல்பிக்கு நன்றி கூறவேண்டும்.

ஆனால் ஒரு நல்ல கருத்து சூத்திரமாகும்போது அதற்கு நேரும் கதி போல்பியின் கருத்துக்கும் நேர்ந்தது. தாய் பிரிந்தாற் பிள்ளை திருடனாவான் என்று அது சுருங்கியது. இதனை உடைத்தவருள் முதன்மையானவர் பார்பரா வூட்டன் அம்மையார். பொருளியலறிஞர், இலண்டன் சிறுவர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் நீதவானாக அமர்ந்தவர். திருடிய சிறுவரை ஏட்டிற் கண்டவரல்லர், எதிரே கண்டவர். 1959இல் வெளியான தமது பெருநூலில் அதுவரை வந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் சோதித்தார். சிதைந்த குடும்பம் என்பதற்கு ஒவ்வோர் ஆய்வாளரும் ஒவ்வொரு பொருள் கொண்டிருந்தனர். குற்றவாளிகளை எண்ணினரேயன்றி, அதே தெருவில் அதே நிலையில் வாழ்ந்தும் குற்றஞ்செய்யாதோரைப் பலர் எண்ணவில்லை. போல்பியின் ஆய்விலும் அன்பற்ற சுபாவத்தினர் யாவர் எனத் தீர்மானித்தவரும், அவர்களது குழந்தைப் பருவத்தை விசாரித்தவரும் ஒருவரே. அன்றியும் 44 திருடருள் பிரிவுக்குள்ளானோர் 17 பேர். எஞ்சிய 27 பேருக்கு அக்காரணம் பொருந்தாது. போல்பியும் இதனை மறுத்துக்கொண்டிருக்கவில்லை. நான்கு வயதுக்கு முன் காசநோய் மருத்துவமனையிலே தங்கியிருந்த 60 பிள்ளைகளை அவரும் மேரி எய்ன்ஸ்வேர்த் முதலியோரும் பிற்காலத்திற் பரிசோதித்தபோது, எதிர்பார்த்த அளவு சீரழிவு காணப்படவில்லை. முன்னர் மிகைபடக் கூறப்பட்டது என்பதை 1956இல் வெளியான அவ்வாய்வு ஒப்புக்கொண்டது. தம் கொள்கைக்கு மாறான முடிவைத் தாமே அச்சிட்ட இச்செயல் ஆய்வுலகில் அடிக்கடி காணப்படுவதன்று.

அப்படியாயின் பிள்ளையைக் கெடுப்பது எது? பிரிவு அன்று, பிரிவுக்கு முன்னும் பின்னும் நிலவும் பிணக்கே என்பதை மைக்கேல் றட்டரின் ஆய்வுகள் 1971இலும் 1972இலும் எடுத்துக்காட்டின. தாய் நோயுற்றதனாலோ விடுமுறையினாலோ பிரிந்த பிள்ளைகளிடத்துச் சமூக விரோத நடத்தை மிகவில்லை. பெற்றோரின் சச்சரவினாற் பிரிந்தோரிடத்தே அது மிகுந்தது. பெற்றோரை மரணத்தில் இழந்தோரைவிட, மணமுறிவில் இழந்தோரே குற்றத்தில் அதிகம் ஈடுபட்டனர். இழப்பின் அளவு இரண்டிலும் ஒன்றேயாயினும் விளைவு வேறாயிற்று.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் செய்யப்பட்ட ஆய்வொன்று இவ்வுண்மையை எண்களில் வடித்தது. 1939இல் கேம்பிறிஜ், சொமவில் என்னும் இரு நகரங்களில் ரிச்சட் கபொற் என்னும் மருத்துவர் தொடங்கிய திட்டத்தில் 506 சிறுவர் சேர்க்கப்பட்டனர். பாதிப்பேருக்கு ஆலோசகர், மருத்துவம், கோடைகால முகாம் எனச் சராசரி ஐந்தாண்டுகள் உதவி வழங்கப்பட்டது, மறுபாதிக்கு இல்லை. அவர்களது வீடுகளைப் பற்றி ஆலோசகர் எழுதிவைத்த குறிப்புகளைப் பிற்காலத்திற் படித்து, அச்சிறுவரின் முதுவயது வரையுள்ள குற்றப் பதிவுகளோடு பொருத்தியவர் ஜோன் மக்கோட் அம்மையார். சிதைந்த குடும்பத்தில், அன்பற்ற தாயிடம் வளர்ந்தோருள் 62 சதவீதத்தினர் குற்றவாளிகளாயினர். சிதையாத, ஆனாற் பெற்றோர் ஓயாது பிணங்கிய குடும்பத்தில் வளர்ந்தோருள் 52 சதவீதத்தினர். சிதையாத, பிணக்கற்ற குடும்பத்தினருள் 26 சதவீதத்தினர். சிதைந்த குடும்பத்திலே அன்புள்ள தாயிடம் தனியே வளர்ந்தோருள் 22 சதவீதத்தினர். கடைசி இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். கணவனில்லாத வீட்டையெல்லாம் ஐயக்கண் கொண்டு நோக்கிய சட்டங்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

மக்கோட் கண்ட மற்றொன்று திகைப்பூட்டுவது. உதவி பெற்ற பாதியினரை உதவி பெறாத பாதியினரோடு முப்பதாண்டுகளின் பின் ஒப்பிட்டு, 1978இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, உதவி பெற்றோர் எவ்வகையிலும் மேம்படவில்லை. குடிப்பழக்கம், மனநோய், மீண்டும் குற்றஞ்செய்தல் ஆகிய சிலவற்றில் அவர்களது நிலை மறுபாதியினரிலும் மோசமாயிருந்தது. கோடை முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டோரிடத்தே தீங்கு மிக்கிருந்தது எனப் பிற்கால ஆய்வு காட்டியது. குழப்படியான சிறுவரை ஓரிடத்திற் கூட்டிவைத்தால் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொள்வர் என்பது இதற்குத் தரப்பட்ட விளக்கம். காப்பென்ரரின் பாடசாலைகள் முதல் எத்தனை விடுதிகளில் இது நிகழ்ந்திருக்கும்!

இலண்டனின் தென்பகுதியில் 1961இல் எட்டு வயதளவிலிருந்த 411 சிறுவரைத் தெரிந்து, டொனல்ட் வெஸ்ற் தொடங்கி டேவிட் பரிங்டன் தொடர்ந்த ஆய்வும் இதனை ஒட்டியது. நீதிமன்றத்தில் முதன்முறை தண்டனை பெற்றபின் சிறுவரின் குற்றநடத்தை குறையவில்லை, கூடிற்று. இலண்டனை விட்டுக் குடிபெயர்ந்தோரிடத்து அது குறைந்தது. தெருவும் தோழரும் மாறியமையே காரணம் போலும்.

குழந்தைப் பருவத்தின் வடு அழியாததா என்னும் வினாவுக்கு விடை கிடைத்த விதம் வரலாற்று மாணவருக்குச் சுவை தருவது. ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் தம்பதியர் பொஸ்ரன் நகரில் 500 இளங்குற்றவாளிகளையும் 500 ஏனையோரையும் ஒப்பிட்டு 1950இல் நூல் வெளியிட்டனர். ஒழுங்கற்ற தண்டிப்பு, கண்காணிப்பின்மை, பாசக்குறைவு ஆகிய மூன்றும் குற்றவாளிகளின் வீடுகளில் மிகுந்திருந்தன என்பது அதன் பேறு. அவர்கள் மறைந்த பின்னர் அவர்தம் மூலக் குறிப்புகள் பெட்டி பெட்டியாக ஹாவாட் சட்டக்கல்லூரி நூலகத்தின் நிலவறையிற் கிடந்தன. சம்சன், லோப் என்னும் இருவர் அவற்றைக் கண்டெடுத்து, மீளக் கணித்து, 1993இல் நூலாக்கினர். குளூக் தம்பதியர் கூறிய வீட்டுக் காரணங்கள் பெரும்பாலும் உறுதிப்பட்டன. ஆயின் அதே வீடுகளிலிருந்து வந்து இளமையிற் குற்றஞ்செய்தோருட் பலர், நிலையான தொழிலும் நல்ல மணவாழ்வும் வாய்த்தபோது குற்றத்தை விட்டொழித்தனர் என்பதும் அப்பெட்டிகளில் இருந்தது. முன்னையோர் அதனைத் தேடவில்லை, அதனாற் காணவுமில்லை.

இலங்கையிலே 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் 1933ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது. குற்றஞ்செய்த பிள்ளையும், பராமரிப்போ பாதுகாப்போ வேண்டி நிற்கும் பிள்ளையும் ஒரே சிறுவர் நீதிமன்றத்தின் முன் வர அது வழிசெய்தது. 1866இல் இங்கிலாந்து இணைத்த இருசாராரும் இங்கும் இணைக்கப்பட்டனர். எனினும் அச்சட்டத்தில் வேறொரு வழியும் இருந்தது. உறவினராயினும் அல்லாதவராயினும், தகுதியும் விருப்பமுமுள்ள ஒருவரிடம் பிள்ளையை நீதிமன்றம் ஒப்படைக்கலாம். அம்மம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் ஒரே வளவில் வாழ்ந்த சமூகத்துக்கு இவ்வேற்பாடு வேற்று நாட்டுச் சரக்காகத் தோன்றியிருக்க நியாயமில்லை. பெற்றோரை இழந்த பிள்ளையை இனத்தவர் எடுத்து வளர்ப்பது நம் ஊர்களில் எந்தச் சட்டத்துக்கும் முந்தியது. 1983 முதல் 2009 வரையுள்ள போர்க்காலத்திலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும் தாய் தந்தையை இழந்த பிள்ளைகள் பலரைத் தாங்கியவை உறவினரின் வீடுகளே. இங்கிலாந்திலும் 1946இல் கேட்டிஸ் குழுவினர் பெரிய விடுதிகளைக் காட்டிலும் வளர்ப்புக் குடும்பமே சிறந்தது என்று கூறவேண்டிய நிலைக்கு வந்திருந்தனர்.

1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைத் தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லத் தொடங்கியபோது, போல்பிக்கு முன்னும் பின்னும் இங்கிலாந்து கேட்ட வினா இந்நாட்டிற்கும் வந்தது. தாய் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் சீரழிகின்றனர் என்னும் பேச்சு பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் வலுத்தது. 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் முறையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகச் செல்வது அதனால் தடைசெய்யப்பட்டது. 2022இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, இவ்விதி தளர்த்தப்பட்டது. ஐந்து வயது என்னும் எல்லை போல்பியின் ஆய்விலுள்ள அதே எல்லை; அதனை வரைந்தோர் அவரைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரையில், தாய் இல்லாதபோது அவர்களைப் பார்ப்பவர் யார், அவர் தகுதியுடையவரா என்று அதிகாரிகள் விசாரித்தனர். றட்டரும் மக்கோட்டும் கேட்டிருக்கக்கூடிய வினா அதுவே. ஐந்து வயதுக்குட்பட்டோர் விடயத்தில் அவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை. வீட்டிலே நிலவுவது பாசமா பிணக்கா, அங்கிருப்பது அன்புள்ள பாட்டியா வெறிகொண்ட தகப்பனா என்பதொன்றும் கணக்கில் வரவில்லை. தாயின் இருப்பு மட்டுமே எண்ணப்பட்டது. பிள்ளையை விட்டு வெளிநாடு சென்ற தந்தையரிடம் அத்தகைய அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை.